லாபம், ரெண்டு, மூனு

1

போன வாரம் எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு என் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். படம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சின்னப் பயிற்சிப் படம். நம் ஊர்க் கல்யாண வீடியோவில் சாப்பாட்டுப் பந்தியைக் காட்டும் நேரத்துக்குக்கூட ஓடாது. முடிந்து விளக்குப் போட்டதும், மூக்கில் வளையம் மாட்டிய ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"கடைசி ஷாட் ஏன் அவ்வளவு நீளம்? அந்த அம்மா சும்மாதானே நிற்கிறார்? ஒன்றுமே நடக்கவில்லையே?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "அது அப்படித்தான் வந்தது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்திருப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லாத பதிலை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். படத்தையே அனுப்பலாமே என்பீர்கள். அனுப்ப முடியாது. அதற்கு ஒரு தடை இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

2

நான் இந்தப் படிப்பில் சேர்ந்ததே ஒரு தவறுதலில்தான். டொரொன்டோவுக்கு வெளியே நான் பல வருடம் வேலை பார்த்த பிஸ்கட் பொதி செய்யும் ஆலையை மூடினார்கள். வேறு தொழில் படிக்க உதவி கிடைக்கும் என்று சொல்லி ஓர் அலுவலகத்தின் நம்பரைக் கொடுத்தார்கள். போனை எடுத்த அம்மாள் என்ன படிக்க விருப்பம் என்று கேட்டாள். நான் மெடிக்கல் என்றேன். டாக்டர் ஆகிற ஆசையெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடும் வேலை, அவ்வளவுதான். அவளுக்கு அது மீடியா என்று காதில் விழுந்திருக்கிறது. என் நாக்கில் கோளாறா, அவள் காதில் கோளாறா, இன்றுவரை தெரியாது. அனுமதிக் கடிதம் வந்த பிறகு மாற்றச் சொல்லிப் போனேன். மாற்றலாம், ஆனால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

என் கணவர் தூர லொறி ஓட்டுகிறார். கிளம்பினால் அமெரிக்காவின் மறு கோடிக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். போனில் விஷயத்தைச் சொன்னேன். "விட்டுத் தள்ளு. கல்யாண வீடியோ எடுத்தாவது பொழைச்சுக்கலாம், போய் படி" என்றார். மகள் ஓவியாவுக்குப் பதினாறு வயது. அவள் ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை விலக்கி, "நீயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டாள். தமிழ் புரியும் அவளுக்கு. பதில்தான் தமிழில் வராது.

அப்படித்தான் நாற்பது தாண்டிய வயதில், என் மகளைவிடக் கொஞ்சமே மூத்த பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தேன். முக்காலியை நிறுத்தி அதன் கண்ணாடிக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது, வெள்ளைத் தாளைக் காட்டிக் கேமராவுக்கு நிறம் சொல்லிக்கொடுப்பது, தூரம் நடு கிட்ட என்று ஒரே ஆளை மூன்று விதமாக எடுப்பது என்று ஆரம்பப் பாடங்கள். பாடம் கஷ்டமாக இல்லை. சோடி சேரச் சொல்லும்போதுதான் கஷ்டம். ஹெலன் என்கிற எங்கள் ஆசிரியை "இருவர் இருவராகப் பிரியுங்கள்" என்பார். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள், நான் மட்டும் நிற்பேன். கடைசியில் ஏதாவது ஒரு கூட்டத்தில் மைக் கம்பைப் பிடிக்கும் வேலை கிடைக்கும். அடுத்தவர்கள் பேசுவது எல்லாம் ஹெட்போன் வழியாக நம் காதுக்குள் தெளிவாகக் கேட்கும், நம்மிடம் யாரும் பேச மாட்டார்கள். ஆரம்பத்தில் கை வலித்தது, பிறகு கை பழகிவிட்டது.

ஒருநாள் ஹெலன், எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இரண்டு பேரைப் படம் பிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். மறுபக்கம் போனால், ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறவர்கள் திரையில் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். "ஒருபோதும் லைனைத் தாண்டாதீர்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்று எழுதினாலும் நாம் சொல்வது லைன் என்றுதானே. இலங்கையில் பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் நான் பிறந்ததே லைனில். வயதுக்கு வந்த நாளிலிருந்து அம்மா என்னிடமும் அக்காவிடமும் தினமும் சொன்னது இதே சொல்தான்: "லைனத் தாண்டிப் போகாதீங்கடி." நான் சிரித்ததை வகுப்பில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அக்காவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், ஆனால் ஊரில் அப்போது எல்லாரும் தூங்கும் நேரம்.

அன்று திரும்பி வரும் வழியில் தமிழ்க் கடைக்குள் நுழைந்தேன், யாரோடாவது பேச வேண்டும்போல் இருந்தது. கறிவேப்பிலை எங்கே என்று கேட்டேன். கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்றார்.

"இல்லங்க, பதுளை."

"பதுளையிலை தமிழ் ஆக்கள் இருக்கினமோ?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். "நெறைய பேர் இருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

3

அக்கா பெயர் புஷ்பம். இன்னமும் ஸ்பிரிங்வெளியில் அதே லயத்தில்தான் இருக்கிறாள், கொழுந்து பறிக்கிறாள். மகன் கொழும்பில் வேலை. அவன்தான் அவளுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அத்தான் இறந்தபோது என்னால் போக முடியவில்லை. என் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அது வந்து சேர்ந்தபோது அங்கே காரியமெல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. நம்ப மாட்டீர்கள். இந்தக் காலத்தில் போய் முகம் பார்க்கவில்லையா என்பீர்கள். லயத்துக்குள் சிக்னல் கிடையாது. மேலே மாரியம்மன் கோயில் வளைவுக்கு ஏறினால்தான் பேச்சே கேட்கும். வீடியோவில் கூப்பிட்டாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் பேசுவாள். பாதி கறுப்பும் கொஞ்சம் காதும் தெரியும். "போன முன்னால புடிக்கா" என்றால், "என் மூஞ்சியப் பாத்து என்னடி ஆவப்போவுது, பேச்சக் கேளு" என்பாள். அத்தான் போன பிறகு அவள் எந்தப் படத்திலும் நிற்பதில்லை என்று மகன் சொன்னான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில்கூட, படம் எடுக்கும்போது உள்ளே போய்விட்டாளாம்.

பருவத்தின் கடைசியில் ஹெலன் ஒரு படம் செய்யச் சொன்னார். தூரத்தில் இருக்கும் ஒருவரைப் பற்றிய படம். நேரில் போக முடியாவிட்டால் அங்கிருந்து யாரையாவது எடுத்து அனுப்பச் சொல்லலாம், தொகுப்பது மட்டும் நாமாக இருக்க வேண்டும். வகுப்பில் ஒவ்வொருவரும் ஏதேதோ சொன்னார்கள். நான் அக்கா என்றேன். மலை, தேயிலை, பெண்கள் உழைப்பு என்று தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். காரணம் அதெல்லாம் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எப்படி இருக்கிறாள், இளைத்துவிட்டாளா, தலை நரைத்துவிட்டதா, சிரித்தால் பழைய மாதிரி வருமா, ஒன்றும் தெரியாமல் கிடந்தேன்.

குரல் பதிவு அனுப்பினேன். "அக்கா, நீ தெனம் பாக்குறது எல்லாத்தையும் எடு. கைய ஆட்டாத. ஒவ்வொன்னுக்கும் பத்து எண்ணுற வரைக்கும் அசையாம புடி, பெறகு நிப்பாட்டு." வெட்டி ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் மிச்சம் வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதுளை டவுனிலிருந்து ஒரு போன். அக்கா வழக்கமாகப் போனுக்குக் காசு போட்டு ரீலோட் செய்யும் கடையின் நானா, முஸ்லிம் முதலாளி.

"தங்கச்சி, ஒங்கட அக்கா வந்து ஈக்காங்க. வீடியோ எல்லாம் சரியான பெருசு. கடை வைபைல போட்டு அனுப்புறேன், கொஞ்சம் பொறுங்க."

"சிரமம் குடுக்குறேன் நானா."

"என்ன சிரமம், அவங்க கதிரைல ஒக்காந்து டீ குடிக்கிறாங்க. நீங்க பாத்துட்டு நல்லா ஈக்கான்னு சொல்லுங்க, அதத்தான் கேட்டுக்கிட்டே ஈக்காங்க."

ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பீலியில் கொட்டும் தண்ணீர். புகை படிந்த அடுப்பங்கரைச் சுவர். கோழிக்கூடு. ஆணியில் தொங்கும் அத்தானின் மழைக்கோட்டு. வளைவு வளைவாக இறங்கும் தோட்டத்து ரோடு. கை ஆடவே இல்லை. வகுப்பில் முக்காலி வைத்து எடுக்கிற பிள்ளைகள்கூட இவ்வளவு அசையாமல் எடுப்பதில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு குரல்.

"லாபம், ரெண்டு, மூனு, நாலு..."

நான் பத்து எண்ணச் சொன்னேன் அல்லவா, அவள் வாய்விட்டு எண்ணியிருக்கிறாள். அதுவும் அம்மா எண்ணுவதுபோல. சுண்டில் அரிசி அளக்கும்போது அம்மா ஒன்று என்று சொல்ல மாட்டாள். முதல் சுண்டு லாபம், பிறகுதான் ரெண்டு, மூனு. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் அளந்திருப்பார்கள். அக்காவுக்கு எண்ணுவது என்றாலே அதுதான். பீலியடியில் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்தி எண்ணினாள். மழைக்கோட்டுக்கு முன்னால் மெதுவாக, பாதி உள்ளே விழுங்கி எண்ணினாள். ரோட்டில் மூச்சு வாங்கியது. அங்கே யாரோ ஒரு பெண், "என்ன புஷ்பம், தனியா பேசுற?" என்று கேட்டாள். "எந் தங்கச்சிக்கு எண்ணுறேன், இரு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "ஆறு, ஏழு..."

சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சிரித்தேன், அழுதேன், சோறு அடிப்பிடித்தது.

4

ஹெலன் பார்த்துவிட்டுப் படங்களை ரொம்பவும் மெச்சினார். "சத்தம்தான் உதவாது. எடுத்தவர் எண்ணுவது எல்லாவற்றிலும் விழுந்திருக்கிறது. ஒலியை நீக்கிவிட்டு ஓர் இசையைப் போடுங்கள்" என்றார். போட்டுப் பார்த்தேன். மலை என்பதால் புல்லாங்குழல் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, சுற்றுலாப் பயணிகளைக் கூப்பிடும் விளம்பரம் மாதிரி. பீலி இருந்தது, கோழிக்கூடு இருந்தது, அக்காவை மட்டும் காணவில்லை. புல்லாங்குழலைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய சத்தத்தையே திரும்பப் போட்டேன்.

"சரி, உங்கள் விருப்பம். ஆனால் என்ன சொல்கிறார் என்று கீழே ஆங்கிலத்தில் எழுத்து வர வேண்டும்" என்றார் ஹெலன். அதற்கு ஓவியாவைப் பிடித்தேன். வேண்டா வெறுப்பாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹெட்போனில் ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு.

"முதல் சொல் என்ன?"

"லாபம்."

"எண்ணுகிறார்தானே? ஒன்று என்று போடு."

"ஒன்னு இல்ல, லாபம். அளக்கும்போது அப்படித்தான் தொடங்கணும். கொறையாம பெருகட்டும்னு."

திரைப் பக்கம் திரும்பினாள். "என்ன அளக்கிறார்?"

அவள் அடுத்த துண்டை ஓட்டினாள், அதற்கடுத்ததையும் ஓட்டினாள். பிறகு ஆங்கிலத்தில்தான் கேட்டாள், ஆனால் நடுவில் ஒரு சொல் தமிழில் வந்தது. "எல்லாவற்றிலும் குரல் இருக்கிறது. பெரியம்மா எங்கே?"

அவள் வாயிலிருந்து பெரியம்மா என்ற சொல்லைக் கேட்டு எத்தனை காலம். எடுப்பவள் படத்தில் வர மாட்டாள் என்ற சின்ன விஷயம் எனக்கு ஏன் முதலிலேயே உறைக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

5

கேட்டேன். உன் முகத்தையும் எடுத்து அனுப்பு என்றதும் அக்கா ஒரேயடியாக மறுத்தாள்.

"பொட்டு இல்லாத மூஞ்சி, படத்துல எதுக்குடி? கோழிய எடுத்தேன், ரோட்ட எடுத்தேன், பத்தாதா?"

"எனக்குப் பாக்கணும்க்கா."

கோயில் வளைவில் காற்று போனுக்குள் இரைந்தது. லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"பாடத்துக்கா, ஒனக்கா?" என்றாள்.

"எனக்குத்தான்."

"அப்ப சரி."

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. முகம் தெரிகிற ஆள் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், கல்லூரி விதி. அக்காவுக்குச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "என் மூஞ்சியக் காட்ட நானே கையெழுத்து வைக்கணுமா? எழுத்து தெரியாத பேப்பர்ல நான் கைய வைக்க மாட்டேன்." நியாயம்தானே, நான் வற்புறுத்தவில்லை. வாயால் சொல்லிப் பதிவு செய்தால் போதும் என்று ஹெலன் இறங்கி வந்தார். அக்கா அனுப்பினாள்: "நான் புஷ்பம். எந் தங்கச்சி மாலா கேட்டதுனால மூஞ்சியக் காட்ட சம்மதிக்கிறேன். வேற யாருக்கும் இல்ல."

கடைசி வாக்கியத்தை ஓவியா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததைப் படித்ததும் ஹெலன் தலையில் கை வைத்துக்கொண்டார். வகுப்பில் காட்டலாமா என்று மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டேன். "வெள்ளக்காரங்க பாத்தா பாக்கட்டும், அவங்களுக்கு என்னயத் தெரியாது. இங்க உள்ளவங்க பாக்க வேணாம்" என்றாள். உங்களுக்கு நான் படத்தை அனுப்பாமல் எழுதிக்கொண்டிருப்பது அதனால்தான்.

போனைக் கோழிக்கூட்டின் மேல் சாய்த்து வைக்கச் சொன்னேன். பட்டனை அழுத்திவிட்டு எதிரே போய் நிற்கச் சொன்னேன். புத்திசாலித்தனமாக இன்னொன்றும் சொன்னேன். "இந்தத் தடவ வாய்விட்டு எண்ணாத. மனசுக்குள்ள எண்ணு."

நானாவின் கடையிலிருந்து அது வந்து சேர்ந்த அன்று, கல்லூரியின் தொகுப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். பகல் நேரம், சுற்றிலும் பிள்ளைகள் அவரவர் திரைகளில் மூழ்கியிருந்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டினேன்.

அக்கா பட்டனை அழுத்திவிட்டுத் திரும்பி நடந்து போய், வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். முன் தலை நரைத்திருந்தது. நல்ல சேலை கட்டியிருந்தாள். இரண்டு கையையும் உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டு, நேரே பார்த்து நின்றாள், பெரட்டுக் களத்தில் நிற்பதுபோல. காலையில் பெரட்டுக்குப் போனால் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும்வரை நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவள் அப்படித்தான் நின்று பழகியவள்.

சத்தம் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. லாபம் என்று அசைந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ரெண்டு, மூனு என்று கூடவே நானும் எண்ணினேன். பத்தில் உதடு நின்றது. அவள் நகரவில்லை.

நிப்பாட்டச் சொல்ல மறந்துவிட்டேன். முன்பெல்லாம் போன் அவள் கையில் இருந்தது, எண்ணி முடித்ததும் அவளே நிறுத்தினாள். இப்போது எதிரே நிற்கிறாள். பத்து முடிந்ததும் வந்து நிறுத்து என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் அவள் எப்படி அசைவாள்? ஒரு கோழி குறுக்கே போனது. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூறல் விழ ஆரம்பித்தது. தோளில் சேலை நனைந்து கருத்தது. ஒருமுறை அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி என்னைப் பார்த்து, தயக்கமாகக் கேட்டாள்.

"மாலா, போதுமா?"

பதிலுக்குக் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள், தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதைப் போன் பக்கம் கொடுத்து.

"போதுமாடி?"

"போதும்க்கா. உள்ள போ, நனையிற" என்றேன்.

ஹெட்போன் மாட்டியிருந்ததால் நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மைக் கம்பைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பேச்சையெல்லாம் கேட்ட எனக்கு, அவர்கள் முன்னால் முதல் தடவையாகத் தமிழில் வாய் திறந்தது அப்போதுதான்.

திரையில், யாரோ ஒரு பெண் பக்கத்து வீட்டிலிருந்து கத்தினாள். "ஏய் புஷ்பம், போன் நனையுது பாரு!" அக்கா பதறி ஓடி வந்தாள். குனிந்து, பட்டனைத் தேடி, முகத்தை வெகு கிட்டே கொண்டுவந்தாள். நெற்றி, கண், கன்னத்தில் மழைத் துளி, எல்லாம் திரை முழுக்க நிறைந்தது. கிட்டத்து ஷாட் ஒன்று வேண்டும் என்று நான் கேட்டிருக்கவே இல்லை. பட்டன் அகப்பட்டதும் லேசாகச் சிரித்தாள், பழைய மாதிரியேதான் சிரித்தாள். அதோடு முடிந்தது.

பத்தாவது எண்ணிலேயே வெட்டிவிடுங்கள், அதற்கு மேல் தேவையில்லை என்று ஹெலன் சொன்னார். நான் எதையும் வெட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வளைவிலிருந்து கூப்பிட்டாள். வீடியோ நல்லா இருக்கா, மூஞ்சி தெரியுதா என்று விசாரித்தாள். ஓவியா போனை என் கையிலிருந்து வாங்கி, "பெரியம்மா, நல்லா இருக்கு" என்று மூன்று சொல்லைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். "யாருடி அது, ஓவியாவா?" என்று அக்கா இரண்டு தடவை கேட்டாள். பிறகு என்னைக் கேலி செய்யத் தொடங்கினாள்.

"அன்னிக்கு மழைல நின்னு ரெண்டு தடவ கேட்டேன். நீ ஒன்னுமே சொல்லலியே?"

"அது வீடியோக்கா. போன் கால் இல்ல. நீ கேக்குறது எனக்குக் கேக்காது."

"தெரியும்டி" என்றாள். "இருந்தாலும் கேட்டுப் பாத்தேன்."